மரநாய்க்கு அடைத்த வெண்டிலேட்டர்

செருப்பு அங்கேயே கிடக்கட்டு தம்பி, ஒண்ணும் செய்யாது, வாங்க. படி கொஞ்சம் வழுக்கும். கைப்பிடியப் பிடிச்சு ஏறுங்க. வீடு பாக்க வாற எல்லாருட்டயும் நான் உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன். மறைச்சு வச்சு ஆளைக் குடியேத்துற பழக்கம் நமக்குக் கிடையாது.

நான் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன். தாணுலிங்கம்னு சொன்னா நாகர்கோவில் பக்கத்துப் பழைய கண்டக்டர்மாரு இப்பமும் டிக்கெட் பையத் தடவிப் பாப்பாவ. வண்டியில ஏறி ஒரு பார்வை பாத்தாப் போரும், டிக்கெட் எடுக்காத ஆளு ஆருன்னு சொல்லிருவேன். எப்படின்னு கேக்கியளா? டிக்கெட் எடுக்காதவன் நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான். எடுத்தவன் பாட்டுக்கு இருப்பான். அவன் எதுக்குச் சிரிக்கணும்?

இது ஹாலு. அது அடுக்களை. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல, கிணறு உண்டு, மோட்டார் உண்டு. கீழ நான் மட்டும்தான் இருக்கேன். பெஞ்சாதி நீலம்மை தக்கலையில அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. மாடியில ஆளு வந்து, ஒரு சத்தமும் அனக்கமும் ஆயாச்சுன்னா அவ வந்துருவா. அதுக்குத்தான் இந்த அவசரம், இல்லன்னா இந்தக் கார்த்திகை மழையில வீடு காட்டுவேனா? வாடகையப் பொறவு பேசிக்கிடலாம், அது பெரிய காரியம் இல்ல. எனக்கு ஆளு வரணும். கைப்பிள்ளை உள்ள குடும்பமானா ரொம்ப நல்லது. உங்களுக்குப் பிள்ளை உண்டா? இல்லையா. சரி, இனி வரும்லா.

இதுதான் பாத்ரூம். ஆமா, பாத்துட்டிய. அந்த மூலையில இருந்து மேல் தளம் வரைக்கும் கருப்பா இருக்கது பூசணம்தான். நான் மறைக்கல்ல. தீவாளி கழிஞ்சுதான் வெள்ளையடிச்சேன். வெள்ளைக்குள்ள இருந்து திரும்பவும் வந்துட்டு. முன்ன இருந்தவன் காலி பண்ணிப் போயும் அவன் பூசணம் போகல்ல, பாத்தியளா. ஆளே இல்லாத வீட்டுல எப்படி வளருதுன்னு கேக்கியளா? அவன் விட்டுட்டுப் போன ஈரமாக்கும் அது. அம்புட்டு ஈரம் பண்ணி வச்சிருக்கான்.

கதையச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். இந்த ஸ்டூலுல இரியுங்க. எனக்கு நின்னு பழக்கம்தான்.

முன்ன இருந்தது பிஜுன்னு ஒரு பையன், லேபுல ரத்தம் எடுக்குற வேலை. அவன் பெஞ்சாதி பெனிட்டா. காதலிச்சுக் கட்டினது. இவன் திருநீறு, அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரி, அதனால ரெண்டு வீட்டுலயும் வரத்துப்போக்கு இல்ல. அது எனக்கு முதல்லயே ஒரு மாதிரி இருந்துது. பெத்தவங்களையே விட்டுட்டு வந்தவங்க வீட்டுக்காரனை மட்டும் மதிப்பாவளா? ஆனா நீலம்மை பிடிச்ச பிடியா நின்னா. அந்தப் பிள்ளை அப்பம் மாசமா இருந்துது. பாவம், ஆரும் இல்லாத பிள்ளை, குடுத்துருங்கன்னு சொன்னா. அவ ஒண்ணு கேட்டு நான் இல்லன்னு சொன்னது கிடையாது. அவ ரொம்பக் கேக்கவும் மாட்டா, அது வேற.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதை விடுங்க.

பெனிட்டாவுக்குப் பெண் பிள்ளை பிறந்துது. வாய்க்குள்ள நுழையாத ஒரு பேரு வச்சாவ. நீலம்மை ‘மக்ளே’ன்னுதான் கூப்பிடுவா. ஆசுபத்திரியில இருந்து நேரே இங்கதான் கொண்டு வந்தாவ. கைப்பிள்ளையக் குளிப்பாட்டத் தெரிஞ்ச ஒரு பொம்பளை வேணும்லா? தாயாரு வரல்ல, மாமியாரு வரல்ல. நீலம்மை தானாப் போய் நின்னா. காலம்பற எனக்கு தோசை சுட்டு வச்சுட்டு, சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு மாடிக்கு ஏறிருவா. இதே பாத்ரூம்ல, இந்தா இந்த இடத்துல, ரெண்டு காலையும் நீட்டி இருந்து, பிள்ளையக் கால் மேல கிடத்தி, எண்ணெ தேச்சு, வெந்நி ஊத்தி ஊத்திக் குளிப்பாட்டுவா. பொறவு சாம்பிராணி போடுவா. போறா, வாறா, எனக்கென்ன?

இந்தப் பாத்ரூம் வெண்டிலேட்டர் நம்ம புறவாசலுக்கு நேரே மேல. கீழ ஒரு சப்போட்டா மரம் உண்டு, அதுக்கு அடியில நாற்காலியப் போட்டு நான் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் படிச்சுக்கிட்டு இருக்கேன், மேல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. ஆருடைய சிரிப்புன்னே எனக்குப் பிடிபடல்ல. பெனிட்டாவுக்கு ஆரோ கூட்டுக்காரி வந்திருக்கா போலன்னு நெனச்சேன். பொறவாக்கும் தெரிஞ்சுது, அது நீலம்மை.

என்ன சிரிப்புன்னு சோறு வெளம்பும்போ கேட்டேன். ஒண்ணுமில்ல, பிள்ளை தண்ணி பட்டதும் மூக்கைச் சுளிச்சுதுன்னு சொன்னா. தம்பி, நீங்க படிச்ச ஆளு, சொல்லுங்க. ஒரு பிள்ளை மூக்கைச் சுளிச்சதுக்கு ஒருத்தி அப்பிடிச் சிரிப்பாளா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கேக்காத சிரிப்பு. நானும் எத்தனை தமாஷ் சொல்லியிருப்பேன். பஸ்ஸுல நடந்த ஒவ்வொண்ணையும் வந்து சொல்லுவேன், நாலு பேரு கூடியிருக்க இடத்துல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாவ. அவ ‘உம்’ம்பா. அம்புட்டுத்தான்.

அதுக்குப் பொறவு நான் பேப்பர் படிக்கிற சாக்குல காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்சேன். தப்பு ஒண்ணும் இல்ல, என் வீடு, என் புறவாசல். தண்ணி விழுற சத்தத்துல பாதி கேக்கும், பாதி கேக்காது. அவ பாடுவா. என்னமெல்லாமோ பேசுவா. வீட்டுல நாள் பூரா பத்து வார்த்தை பேசாதவ அங்க அருவி மாதிரி பேசுகா. ஒரு நாள் பெனிட்டா ‘அங்கிள்’னு என்னமோ சொன்னது நல்லாக் கேட்டுது. உடனே ரெண்டு பேரும் சிரிச்சாவ. பாத்தியளா? மூக்கைச் சுளிச்சதுக்காக்கும் சிரிக்கியது! என்னைப் பத்திப் பேசிச் சிரிச்சாவன்னு எனக்கு அப்பவே உறுதி. மேல ஏறிப் போய்க் கேக்கலாம். ஆனா கேட்டா உண்மையச் சொல்லுவாவளா?

அவிய பிள்ளைக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்குப் போனாவ. வைகாசி மாசம். அந்தச் சமயம் பாத்துக் கொத்தனாரை விளிச்சேன். ஏணி வச்சு, வெளியில இருந்து, நாலு செங்கலை வச்சு வெண்டிலேட்டரை அடைச்சுப் பூசியாச்சு. இந்தா, மேல பாருங்க, கண்ணாடி இருக்கு, அதுக்குப் பின்னால கல்லு. நல்ல வேலை. ஒரு கீறல் கிடையாது.

எதுக்குன்னு நீலம்மை கேட்டா. மரநாய்க்குன்னு சொன்னேன். பொய் இல்ல தம்பி, நம்ம ஊர்ல மரநாய் உண்டு, சப்போட்டா தின்ன வரும், ஓட்டு மேல ஓடும். கைப்பிள்ளை இருக்க வீடு, அந்த வழியா உள்ள கேறிட்டா என்ன ஆகும்? அவ கொத்தனாருக்குச் சாயா போட்டுக் குடுத்தா. திரும்பி வந்த பிஜுவும் பெனிட்டாவும் என்ன சொன்னாவன்னு நெனைக்கியிய? பிள்ளை மேல எம்புட்டு அக்கறைன்னு நன்றி சொன்னாவ. மெழுகுவர்த்தியும் ஒரு குப்பி எண்ணெயும் கொண்டு வந்து தந்தாவ. அப்பமே எனக்குச் சந்தேகம்தான். என்னத்துக்கு இம்புட்டு நன்றி?

எப்படியோ, சத்தம் நின்னுட்டு. நிம்மதியாப் பேப்பர் படிச்சேன்.

ஆனிச் சாரல் தொடங்கிச்சு. நமக்கு ரெண்டு மழை, உங்களுக்குத் தெரியும்லா, கேரளாப் பக்கத்து ஆனி மழையும் உண்டு, இந்தப் பக்கத்து ஐப்பசி மழையும் உண்டு. துணி காயாது, தீப்பெட்டி உரசினாப் பத்தாது. அப்பம்தான் பிஜு கீழ வந்து, சார், பாத்ரூம் சுவரெல்லாம் கருப்பாப் புள்ளி விழுதுன்னு சொன்னான். மொபைல்ல போட்டோ வேற எடுத்து வச்சிருக்கான். போட்டோ எதுக்கு எடுத்தான்? அதை யோசிங்க. சும்மா சொன்னா நான் நம்ப மாட்டேனா?

மேல ஏறிப் பாத்தேன். சுவரைத் தொட்டேன், விரல்ல ஒட்டுச்சு. மோந்து பாத்தேன். கரியக் கரைச்சுப் பூசிட்டானோன்னு ஒரு நெனப்பு எனக்கு. லேபுல வேலை பாக்கவன், எத்தனையோ மருந்து கைவசம் இருக்கும். அந்த மூலையில ஒரு வாளி இருந்துது, அதுக்குள்ள எல்லாம் கைய விட்டுப் பாத்தேன். பெனிட்டா வாசல்ல நின்னுக்கிட்டுப் பாத்துச்சு. ஒண்ணும் கிடைக்கல்ல. அதுக்காக இல்லன்னு சொல்லிற முடியுமா?

‘நீங்க ஆவி பிடிக்கிற மாதிரிக் குளிச்சா இப்பிடித்தான் ஆகும், குளிச்சு முடிச்சதும் சுவரைத் துடையுங்க’ன்னு சொல்லிட்டு எறங்கினேன்.

அவன் விடல்ல. நாலு நாளைக்கு ஒரு தடவை வந்து நிப்பான். சார், பிள்ளைக்குச் சளி பிடிக்கு. சார், நெஞ்சு கர்ர்னு இருக்கு. சார், ஈரத்துல வாற பூசணம் கைப்பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லுகாரு. எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிக்கும் தம்பி. எங்க வீட்டுல நாங்க ஒம்பது பேரு, மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. அவன் சொன்னது எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரும், பாத்துக்கிடுங்க. அந்த ஓட்டையத் தொறந்து விடுங்க, கம்பி வலை வேணும்னா நானே போட்டுக்கிடுகேன், மரநாய் வராதுன்னு சொல்லுவான். கண்டியளா? அவனுக்கு ஓட்டைதான் வேணும்.

ஒரு நாள் சாயங்காலம் கீழ நம்ம வாசல்ல வச்சே பேச்சு முத்திட்டு. பிஜு நிக்கான், பெனிட்டா பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கு, நீலம்மை கதவுப்பக்கம். அவன் மரியாதையாத்தான் பேசினான், அதைச் சொல்லணும். வீட்டுல உள்ள குறையச் சரிபண்ணித் தர வேண்டியது வீட்டுக்காரரு பொறுப்பு இல்லையா சார்னு கேட்டான். எனக்கு வந்துதே ஒரு கோவம். பொறுப்பப் பத்தி எங்கிட்டயா?

‘வீட்டைக் கட்டினது என் பொறுப்பு. அதுல பொழங்குகது ஒங்க பொறுப்பு. என் சுவரு தானா வேர்க்குமா? தினம் தினம் அண்டா அண்டாவா வெந்நி ஊத்தி ஆவி கெளப்பினது ஆரு? அந்த ஆளுதான் இதுக்கெல்லாம் காரணம். அந்த ஆளைக் கூட்டிட்டு வந்து துடைக்கச் சொல்லு’ன்னு கேட்டேன்.

நல்ல கேள்வி இல்லையா? கோர்ட்டுல கேட்டாலும் பதில் கிடையாது. அவனும் தலையக் குனிஞ்சுட்டான். பெனிட்டா அவன் கையப் பிடிச்சு இழுத்துது. அப்பம் கதவுப்பக்கத்துல இருந்து நீலம்மை சொல்லுகா:

‘நானாக்கும் ஊத்தினது.’

அம்புட்டுத்தான் சொன்னா. அடுக்களைக்குப் போனா, பிளீச்சிங் பவுடரை எடுத்தா, தேய்க்கதுக்கு ஒரு கை தேங்காத்தும்பு எடுத்தா, மாடிக்கு ஏறிட்டா. நாங்க மூணு பேரும் வாசல்ல நிக்கோம். மேல வரட் வரட்டுன்னு தேய்க்கிற சத்தம். ஓட்டை அடைச்சும் அந்தச் சத்தம் கேட்டுது, அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் அவளைச் சொல்லல்ல தம்பி. குடியிருக்கவனைத்தானே சொன்னேன்? இவ ஏன் நடுவுல வந்து விழணும்? வேணும்னே அவியளுக்காக விழுந்தா. அந்த அளவுக்கு அவளை மயக்கி வச்சிருந்தாவ.

அதுக்குப் பொறவு அது அவளுக்கு ஒரு வேலையாயிட்டு. தேய்ப்பா, போகும், திரும்பவும் வரும், திரும்பவும் தேய்ப்பா. கையெல்லாம் வெடிச்சுப்போச்சு. சோத்துல கைய வச்சா எரியும், ஸ்பூன்ல தின்னா. ஆவி வரக்கூடாதுன்னு பிள்ளையக் குளிப்பாட்டுகதையும் நிறுத்திட்டா, ஈரத்துணியால துடைச்சு விட்டதோட சரி. வீட்டுக்காரி பூசணம் சுரண்டுகா, குடியிருக்கவ பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு இருக்கா, இது என்ன நியாயம்னு கேட்டேன். அவளும் கூடச் சேந்துதான் சுரண்டுகான்னு நீலம்மை சொன்னா. எனக்கென்ன தெரியும், நான் பாக்கல்ல.

ஐப்பசி மழையில பிள்ளைக்கு மூச்சு நல்லா இழுத்துட்டு. ஆசுபத்திரியில வச்சிருந்தாவ. நீலம்மையும் அங்கதான் கிடந்தா. நானும் ஒரு நாள் ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். பிள்ளை மூக்குல ஒரு குழாய் வச்சிருந்தாவ. பெனிட்டா என்னைப் பாத்துச்சு, சிரிக்கல்ல. நான் சிரிச்சேன். ஆரஞ்சைக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டு வந்துட்டேன். சொகமாயிட்டு, கேட்டியளா, ஒண்ணும் பயப்பட வேண்டாம், இப்பம் பிள்ளை நல்லா இருக்கு. ஆனா அங்க இருந்து இங்க வரல்ல. நேரே வேற வீடு பாத்துப் போயிட்டாவ. பிஜு மட்டும் வேன் கொண்டு வந்து சாமானை ஏத்தினான். சாவியக் கையில தந்துட்டு, வாறேன் சார்னான். சண்டை போடாம போறான் பாருங்க, அதுலயே தெரியல்லையா, அவன் மேலதான் தப்புன்னு?

வேன் போனதும் நீலம்மை ஒரு பையில சேலைய எடுத்து வச்சா. எங்க போறன்னு கேட்டேன், தக்கலைக்குன்னா. எப்பம் வருவன்னு கேட்டேன். வாசல்ல நின்னு செருப்பைப் போட்டுக்கிட்டே சொன்னா:

‘நீங்க அதை மரநாய்க்கு அடைக்கல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தொறந்துட்டுச் சொல்லி விடுங்க, வாறேன்.’

அழல்ல, சத்தம் போடல்ல. பக்கத்து வீட்டுல சீனி கடன் கேக்குற மாதிரிச் சொல்லிட்டுப் போயிட்டா. அன்னைக்கே தெரியும்னா ஏன் அன்னைக்கே சொல்லல்ல? மனசுல வச்சுக்கிட்டு என்கூட இருந்திருக்கா, சாயா போட்டுத் தந்திருக்கா. இத்தனை வருஷமா வேற என்னவெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காளோ!

ஆமா தம்பி, முதல்ல நான் வேற மாதிரிச் சொன்னேன். ஆளு வந்தா அவளும் வந்துருவான்னு நானா நெனச்சுக்கிட்டதுதான். ஒரு பிள்ளை அழுகுற சத்தம் மேல கேக்குன்னு போன்ல சொன்னாக்கூட வந்துருவா, எனக்குத் தெரியும்.

நீங்க என்ன, அந்த ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு வெண்டிலேட்டரையே தட்டிப் பாக்கிய? எறங்குங்க. வந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். வீடு பாக்க வாறவன் பைக் எங்க நிறுத்தன்னு கேப்பான், கரண்டு மீட்டர் தனியான்னு கேப்பான். நீங்க ஒண்ணும் கேக்கல்ல. நேரே இந்தப் பாத்ரூம்தான். ‘இது எப்பம் அடைச்சது, தொறக்கலாம்லா’, அதுதான் நீங்க கேட்ட ஒரே கேள்வி. எந்தூருன்னு சொன்னிய? மார்த்தாண்டமா? மார்த்தாண்டத்துக்காரன் தக்கலையத் தாண்டித்தானே இங்க வரணும்?

நீலம்மை அனுப்பினாளா?

இல்லையா. அவளை ஆருன்னே தெரியாதா. சரி, நம்புகேன். இந்த மூஞ்சியில பொய் இல்லன்னு வச்சுக்கிடுவோம். நீங்க இந்த வீட்டுக்கு வரப் போறதில்லன்னும் எனக்குத் தெரியும், படியில ஏறும்போதே தெரியும். ஆனாலும் ஒரு உதவி செய்யுங்க. தக்கலையில பஸ் நிக்கும்லா, அங்க எறங்கி, சந்தைக்குப் பின்னால பச்சை கேட் போட்ட வீடு எதுன்னு கேளுங்க. நீலம்மை வெளிய வந்தா, வெண்டிலேட்டரைத் தொறந்தாச்சு, என் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாண்டாம்.

தொறக்கல்லையேன்னு பாக்கியளா? நாலு செங்கலு தம்பி. ஏணி கீழ கிடக்கு, கடப்பாரை இருக்கு, ஒரு சாயா குடிக்கிற நேரத்துல தட்டி எறிஞ்சிருவேன். அதுக்கு என்ன பெரிய சங்கதி. ரெண்டு தடவை ஏணிய வச்சு மேல வரைக்கும் ஏறியாச்சு. ஏறி, கையில கடப்பாரையோட நின்னுட்டு, எறங்கிட்டேன்.

அவ இல்லாம இந்த வீட்டுல இருக்க முடியல்ல தம்பி. பேப்பர் படிக்கேன், ஒரு எழுத்து மண்டையில ஏறல்ல. சோறு பொங்குகேன், ரெண்டு பேருக்குப் பொங்கிருகேன். இந்தக் கல்லு அங்க இருக்கது வரைக்கும், அவ வராததுக்கு இந்தக் கல்லுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருக்கலாம். தொறந்து சொல்லி விட்டு, அப்பவும் அவ வரல்லன்னா நான் என்ன செய்வேன்?